அக்காவுக்கு மெட்ராஸ் சுற்றிக் காட்டிய நான்கு நாட்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். வில்லிவாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்கார அம்மா படிக்கட்டுக்குக் கீழே ஓர் இன்லண்ட் கடிதத்தோடு நின்றிருந்தார்.

"உனக்குத்தாம்மா. விருத்தாசலம்னு போட்டிருக்குது. யாரு இது?"

அனுப்புநர் இடத்தில் என் அக்காவின் கணவர், மாமாவின் கையெழுத்து. இரண்டு வருஷமாக அந்த ஊரிலிருந்து எனக்கு ஒரு வரிகூட வந்ததில்லை; விலாசம் எழுதி நான் அவருக்குப் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.  வாய் யோசிக்காமல் வேலை செய்தது.

"ஊர்ல எங்க பக்கத்து வூட்டுக்காரங்க மா" என்றேன்.

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தைப் பிரித்தேன். மாமா எழுதியிருந்தார், அக்கா சொல்லச் சொல்ல எழுதியது என்பது வார்த்தைகளில் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் எழும்பூர் வந்து இறங்குகிறார்களாம். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இருவர் மட்டும். நாலு நாள் தங்குவார்களாம். 'உனக்குச் சங்கடம் இல்லை என்றால் மெட்ராஸ் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை' என்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே, எழுதத் தெரியாத அக்கா கோணல் மாணலாக இரண்டே எழுத்து போட்டிருந்தாள்: 'அக்'. மிச்சத்துக்கு இடம் போதவில்லையோ, பொறுமை போதவில்லையோ.

அழுதேன். அழுது முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், கீழே இருக்கிற வீட்டுக்கார அம்மாவைப் பொறுத்தவரை எனக்கு அக்காவே கிடையாது. அப்பாவும் அம்மாவும் கிடையாது. அவர்கள் மூவரையும் ஒரு பஸ் விபத்தில் நான் சாகடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலை. அங்கே சூளையில் வேலை செய்துகொண்டிருந்த மாமாதான் என்னைச் சேர்த்துவிட்டார். என் கணவர் அடுத்த ஷெட்டில் அச்சு வார்ப்பவர். அவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சட்டி பானை, ஓடு செய்கிறவர்கள். நாங்கள் நிலம் வைத்திருந்தவர்கள். மணிலாக் கடலை போடுவோம், கொஞ்சம் முந்திரியும் உண்டு. இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைக்காது என்று தெரிந்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டு மெட்ராசுக்கு வந்துவிட்டோம். மறுநாளே அப்பா மணிமுத்தாற்றில் இறங்கித் தலைமுழுகிவிட்டு, "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று ஊர் நடுவில் சொன்னாராம். ஊரிலிருந்து வந்த ஒருவர் எழும்பூர் ஸ்டேஷனில் வைத்து இதை என்னிடம் சொன்னார்.

அந்தச் சூடு அடங்காத வாரத்தில்தான் வீடு தேடி அலைந்தோம். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. இந்த வீட்டுக்கார அம்மாவும் வாசலிலேயே நிறுத்தி, "ஓடி வந்த ஜோடின்னா நான் வூடு குடுக்க மாட்டேன். அப்பறம் பெத்தவங்க வந்து தெருவுல நின்னு சண்ட போடுவாங்க. உங்க அப்பா அம்மா எங்கம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றேன். "பஸ்ஸு கவுந்து எல்லாரும் போயிட்டாங்க. அக்காவும்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விதவை, ஒரே மகள் வேலூரில். அன்று சாயங்காலமே சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னை மகள் மாதிரிதான் நடத்தினார். தலைவலி என்றால் சுக்கு அரைத்துக் கொடுப்பார். பலகாரம் செய்தால் முதல் தட்டு மாடிக்குத்தான் வரும். "அம்மா இல்லாத பொண்ணு" என்று பக்கத்து வீடுகளில் எனக்காகப் பேசுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே எதுவோ அரிக்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளை வந்ததும் அதற்கு அடுத்த நாள்.

கடிதத்தைப் படித்த என் கணவர், "இப்பவே கீழ போயி சொல்லிடு. இதவுட நல்ல சந்தர்ப்பம் வராது" என்றார்.

"வெளிய போன்னு சொல்லிட்டா? வியாழக்கெழம அவங்கள எங்க கொண்டு போயி வெக்கிறது?"

"அப்ப என்னா பண்ணப் போற?"

"காலைலேருந்து ராத்திரி வரைக்கும் வூட்டுலயே இல்லாம ஊர் சுத்திக் காட்டப் போறேன். அவங்களும் அதத்தான கேக்குறாங்க."

அம்பத்தூரில் அவருக்கு அந்த வாரம் இரண்டு ஷிப்ட். தலையில் அடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் இடங்களை எழுதினேன். எழும்பூரிலிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எந்த பஸ் என்று பரீட்சைக்குப் படிப்பது போல மனப்பாடம் செய்தேன்.

எழும்பூரில் ரயில் வந்து நின்றதும் முதலில் இறங்கியது ஒரு பலாப்பழம். அதைத் தோளில் வைத்திருந்த மாமா பின்னால் வந்தார். அதற்கும் பின்னால் அக்கா. என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டி வாசலிலேயே நின்று, தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகுதான் இறங்கினாள்.

"எளச்சிட்டடி" என்றாள். அவ்வளவுதான். என் கையைப் பிடித்தவள் வில்லிவாக்கம் வரும்வரை விடவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே வீட்டுக்கார அம்மா கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தார். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்; என் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கம்மா. அப்படியே நம்ம பொண்ணு சாயலா இருக்கீங்களே."

அக்கா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். நான் பலாப்பழத்தை மாமாவிடமிருந்து பிடுங்குவது போலப் பிடித்து, "கனம் மா, மொதல்ல மேல வெச்சிட்டு வந்துடுறோம்" என்று அக்காவை இடுப்பில் தள்ளிக்கொண்டே படியேறினேன். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "என்னாடி இப்படி வெரட்டுற, நான் என்னா மாடா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குளித்து, இட்லி சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் அவர்களைக் கிளப்பினேன். ராத்திரி பூரா ரயிலில் உட்கார்ந்தே வந்தவர்கள். அக்கா பாயைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "செத்த நேரம் படுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டாள். வெயில் ஏறிவிடும் என்றேன்.

முதல் நாள் மியூசியம். செத்த காலேஜ் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டதில் மாமாவுக்கு மகா சந்தோஷம். திமிங்கல எலும்புக்குக் கீழே நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடிவைத்து அளந்தார். பிறகு சென்ட்ரல், பதினாலு மாடிக் கட்டடம், மெரினா. மாமாவின் கண் எதைக் காட்டினாலும் கொஞ்சம் மேலேயே போய்விடும். கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் கப்புகளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேகவைக்கிற சரக்கு அதுதான். "இது நம்புளுது இல்ல. மேல பூசுற கிளேஸு வேற மாதிரி இருக்குது" என்பார். டீக்கடையில் டீயைக் குடித்து முடித்ததும் சாசரைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்ப்பார். கடைக்காரன் முறைத்தான். அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கு அதெல்லாம் சரியாகக் கண்ணில் படவில்லை. ஓரிடத்தில் நின்றால் அடுத்த இடத்துக்குக் கிளம்பும் அவசரம். கடற்கரையில் அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் அலைக்குக் கால் கொடுத்து, "ஏ யப்பா!" என்று கத்தினாள். அந்த நேரத்திலும் என் மனம் வில்லிவாக்கத்தில் இருந்தது. எட்டு மணிக்கு மேல் போனால் வீட்டுக்கார அம்மா தூங்கப் போயிருப்பார். ஏழுக்குக் கிளம்பலாமா, ஏழரைக்கா? இதுதான் கணக்கு.

இரண்டாம் நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. தாம்பரம் வரை ட்ரெயின், அங்கிருந்து பஸ். கத்திரி வெயில். மிருகங்கள்கூட நிழலைத் தேடிப் படுத்திருந்தன. அக்காவுக்குக் குதிகாலில் வெடிப்பு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். புலி இருந்த பக்கம் போகும் வழியில் ஒரு மரத்தடியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்குப் புலி வேணாம்."

மாமா மட்டும் போனார். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேர். காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தி நிறுத்தினாள்.

"ஏண்டி, உன் வூட்டுல என்னா இருக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியல. கண்ணு முழிச்சா வெளிய தள்ளுற, கண்ணு சொருவுற நேரத்துக்குக் கூட்டியாந்து படுக்க வெக்கிற. உன் வூட்டுக்காரரு உன்ன அடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லக்கா."

"பின்ன, எங்களப் பாக்கவே உனக்குப் புடிக்கலியா?"

"என்னா பேசுற நீ? நீங்க வந்ததுக்கு எவ்ளோ..." 

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்புச்சி. அவ சமையக்கட்டப் பாத்துட்டு வா, அரிசி எதுல வெச்சிருக்கா, உப்பு எதுல வெச்சிருக்கான்னு பாரு, அதப் பாத்தா போதும் அவ எப்படி இருக்கான்னு தெரிஞ்சிடும்னுச்சி. நான் போயி என்னா சொல்றது? சிங்கத்தப் பாத்தேன், கரடியப் பாத்தேன்னா?"

அப்போது சொல்லியிருக்கலாம். மாமா வந்துவிட்டார், புலி தூங்குகிறது என்றார். எழுந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் பாரிமுனை. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தாள். சந்துக்குள் சந்து, தள்ளுவண்டி, மூட்டை தூக்குகிறவர்கள், சைக்கிள் ரிக்‌ஷா. வழக்கம் போல நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எலெக்ட்ரிக் சாமான் விற்கும் சந்தைத் தாண்டித் துணிக்கடைப் பக்கம் திரும்பியதும் அக்கா நின்றாள்.

"மாமா எங்கடி?"

திரும்பிப் பார்த்தால் தலைகள். மாமாவின் நீலச் சட்டை இல்லை. வந்த வழியே போனோம். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சந்தின் கடைசிவரை போய்த் திரும்பினோம். இன்னொரு சந்தில் நுழைந்து அது எங்கள் சந்து இல்லை என்று தெரிந்து வெளியே வந்தோம். ஒரு மணி நேரம் போனது. சந்து முனையில் நின்றிருந்த போலீஸ்காரர், "பெரிய ஆளுதானேம்மா, வந்துருவாரு" என்றார். அக்கா ஒரு கடைப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அப்பாவுக்கு நாங்க இங்க வந்ததே தெரியாதுடி. திருப்பதி போறம்னு சொல்லிட்டு வந்தம். அந்த மனுஷனுக்கு ஒண்ணுன்னா நான் ஊருல போயி யாருக்கு என்னான்னு சொல்லுவேன்? உன்ன வேலைக்குச் சேத்தவருன்னு ரெண்டு வருஷமா அப்பா அவரு மூஞ்சியில முழிக்கிறதில்ல. அப்படியும், வா அவளப் பாத்துட்டு வருவம்னு இழுத்துக்கிட்டு வந்தவரே அவருதான்."

எனக்கு அது தெரியாது. மாமா ஊர் பார்க்கும் ஆசையில் வந்தார், அக்கா என்னைப் பார்க்கும் சாக்கில் வந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கினேன், அவிழ்த்தேன். கடைசியில் அக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"லெட்டர் எழுதனது அவருதான. உன் அட்ரசு அவருக்கு மனப்பாடம். வூட்டுக்குத்தான் போயிருப்பாரு. வா."

வீட்டுக்கு. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் பயம் வேறு பக்கம் திரும்பியது. மாமா காணாமல் போன பயத்தை விட இது பெரிதாக இருந்தது என்று இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வில்லிவாக்கம் வரை ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தும் நான் வாசலருகே நின்றுகொண்டே வந்தேன்.

மாமா இருந்தார். கீழ் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, மர நாற்காலியில், கையில் மோர் டம்ளரோடு இருந்தார். எதிரே வீட்டுக்கார அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. தம்பி ஒரு மணி நேரமா இங்கதான் இருக்காரு. உங்கள எங்க தேடுறதுன்னு பஸ் புடிச்சி வந்துட்டாரு. கெட்டிக்காரரு." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பாவப் பத்திதாம்மா சொல்லிக்கினு இருந்தாரு. எவ்ளோ நல்ல மனுஷன். அவரு இருந்திருந்தா இந்நேரம் உன்ன இப்படித் தனியா வுட்டிருப்பாரா?"

"இருந்திருந்தாவா?" என்றாள் அக்கா.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வெயில்ல அலஞ்சிட்டு வந்திருக்கா. வா, மேல போவம்." அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். போகும்போது வீட்டுக்கார அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

மேலே வந்ததும் கதவைத் தாழிட்டது மாமாதான். நடந்ததைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். சந்தில் ஒரு கடை வாசலில் சாக்கு மூட்டை பிரிந்து கிடந்திருக்கிறது. உள்ளே பீங்கான் பியூஸ் கட்டைகள். குனிந்து எடுத்துப் பார்த்தால் அடியில் அவர் கம்பெனி முத்திரை. கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிமிர்ந்தால் நாங்கள் இல்லை. வீட்டுக்கு வந்து கதவு பூட்டியிருக்கிறதே என்று படியில் உட்கார்ந்தவரைக் கீழே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார் வீட்டுக்கார அம்மா. முதல் பேச்சே, "பாவம், அப்பா அம்மா அக்கா எல்லாரையும் ஒரே நாள்ல வாரிக் குடுத்த பொண்ணு. பக்கத்து வூட்டுல இருந்தவராச்சே, அந்த விபத்த நீங்க பாத்தீங்களா தம்பி?"

"நான் என்னா சொல்றது?" என்றார் மாமா. "பாத்தேன்னு சொல்லிட்டேன்."

 அக்கா என் அரிசி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அம்மாவயுமா?"

தலையை ஆட்டினேன்.

"என்னயுமா?"

"அக்கா, வூடு கெடைக்கல. எல்லாரும் அப்பா எங்க, அம்மா எங்கன்னு கேட்டாங்க. அப்பா ஆத்துல தலமுழுகிட்டாருன்னு கேள்விப்பட்ட வாரம் அது. கோவத்துல வாயில வந்துடுச்சி."

"அப்பா தலமுழுகினாரு. அம்மா என்னாடி பண்ணுச்சி? ரெண்டு வருஷமா உன் பாவாடையத் தலகாணி ஒறைக்குள்ள வெச்சிக்கிட்டுப் படுக்குது. நான் என்னாடி பண்ணேன்?"

 அடிப்பாள் என்று நினைத்தேன்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பையை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். மாமா பையைப் பிடித்தார்.

"டிக்கெட்டு நாளைக்கித்தான்."

"ஸ்டேஷன்ல உக்காந்துக்கிறேன்."

"நாமளும் திருப்பதின்னு பொய் சொல்லிட்டு வந்தவங்கதான். மறந்துட்டியா?" என்றார் மாமா.

அக்கா பையை விட்டாள். அன்று அவள் என்னோடு பேசவில்லை. என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று முகங்களையும் பார்த்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "தப்பு என்னுதும்தாங்க. நானும் கூட நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள். அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகி அவள் கையால் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

நான்காம் நாள் நாங்கள் எங்கும் போகவில்லை. அக்கா காலையிலேயே என் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டாள். டப்பாக்களை இறக்கி, துடைத்து, வேறு வரிசையில் அடுக்கினாள். கீழே போய் அம்மியில் மிளகாய் அரைத்தாள். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா ஏதோ கேட்க அக்கா பதில் சொல்வதும், இருவரும் பலாக்கொட்டையை எப்படி வறுப்பது என்று பேசுவதும் காதில் விழுந்தது. இதோ சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. மேலே வந்து குழம்பு வைத்தாள். மாமா ஜன்னலோரம் படுத்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாகக் குறட்டை விட்டார். எனக்குச் செய்ய எதுவும் இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன். அந்த ஒரு நாள் முந்தைய மூன்று நாளை விட நீளமாக இருந்தது.

சாயங்காலம் எழும்பூரில் அவர்களுக்குப் பெட்டியில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அக்கா கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயால வரணும்" என்றாள். "பக்கத்து வூட்டுக்காரியா இன்னொரு தடவ நான் அந்தப் படி ஏற மாட்டேன்."

அதற்குப் பிறகும் நான் சொல்ல ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. பெருமையாக இல்லை, நடந்தது அதுதான். ஆடி அமாவாசை அன்று எனக்கு லீவு. காலையில் கீழே இறங்கியபோது வீட்டுக்கார அம்மா வாழையிலையில் சோறு, பருப்பு, வடை வைத்து மதில்மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இலை இருந்தது.

"ஒண்ணு எங்க வூட்டுக்காரருக்கு" என்றார். "இன்னொண்ணு உங்க அப்பா அம்மாவுக்கு. ரெண்டு வருஷமா வெக்கிறேன். நீ வேலைக்குப் போயிடுவ, உனக்கு எங்க தெரியப் போவுது?"

காக்காய் வந்து இரண்டாவது இலையில்தான் முதலில் வாய் வைத்தது.  அந்த மதிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் விபத்து இல்லை, அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், வந்து போனது என் கூடப் பிறந்த அக்கா என்று.

அவர் காக்காயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையில் ஒட்டியிருந்த சோற்றை உதறினார். இரண்டாவது இலையை எடுத்துச் சுருட்டினார். காக்காய் எழும்பிப் பறந்தது.

"உயிரோட இருக்கறவங்களுக்கு என் கையால படையல் போட வெச்சிட்டியே" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் கதவு எனக்குத் திறக்கவில்லை. வேறு வீடு பார்க்க என் கணவர் கொரட்டூர்ப் பக்கம் போய் வந்தார். நான்காம் நாள் காலை நான் குடத்தோடு இறங்கும்போது வீட்டுக்கார அம்மா பம்பருகே நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"வூட்ட காலி பண்ண வாணாம்" என்றார். "ஆனா நீ இப்படியே என் எதுருல வராத. எனக்கு உன்னப் பாத்தா உன்னப் பெத்த அந்தம்மா ஞாபகம்தான் வருது. மொதல்ல ஊருக்குப் போயி அவங்களப் பாரு. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு."

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினேன். என் கணவர் வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். முன்பே கடிதம் போட்டிருந்ததால் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மாமா நின்றிருந்தார். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "நான் உள்ள வரல. எனக்கு இன்னும் தடை இருக்குது" என்று சிரித்தார்.

 அம்மா என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல உள்ளே ஓடி, ஒரு தட்டு சோற்றோடு வந்தாள். அப்பா பின்கட்டில் மணிலாச் செடி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார். பிடுங்கிய காய்களைக் கூடையில் போடும் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அது நிற்கவில்லை.

"எத்தினி மணிக்கு பஸ்ஸாம்?" என்று அம்மாவிடம் கேட்டார். வீட்டில் அவர் பேசிய ஒரே பேச்சு.

"மூணு மணிக்குங்க" என்று நான் சொன்னேன். அவர் அம்மா சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

அம்மாதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வீட்டுக்கார அம்மாவுக்கென்று ஒரு துணிப்பையில் முந்திரிப் பருப்பு கட்டிக் கொடுத்தாள். நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியுமா, அக்கா சொல்லியிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் இல்லை. மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது, டீக்கடைப் பக்கமிருந்து அப்பா வருவதைப் பார்த்தேன். தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார், தெரியவில்லை. நான் இருந்த ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேராகக் கண்டக்டரிடம் போனார்.

"இது மெட்ராசுக்குப் போவுதா?" என்று கேட்டார். போர்டு அவர் தலைக்கு மேலேயே இருந்தது, படிக்கத் தெரிந்தவர்தான்.

"ஆமாம் பெரியவரே. ஏறுங்க."

"நான் வரல" என்றார் அப்பா. "பொம்பளப் புள்ள தனியாப் போவுது. எத்தினி மணிக்குப் போயி சேரும்?"

எட்டரை ஆகும் என்றார் கண்டக்டர். அப்பா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எட்டரை. சரி. பாத்து எறக்கி வுடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா நின்றிருந்த பக்கமாக நடந்து போனார்.